அந்தக் கரும்பலகைக்கு ஒரு நிமிடம் வேண்டும்

மூடிக்கிடக்கும் எங்கள் ஊர்ப் பழைய அரசு மருத்துவமனைக் கட்டடத்தின் பொறுப்பு அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற வியாழக்கிழமை வாசலில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். இடிக்கும் முன் உள்ளே படம் எடுத்து வைக்க நான்கு மாதம் அலைந்து வாங்கிய அனுமதிக் கடிதத்தைக் காவலாளி படித்துப் பார்த்தார். கேமராவை உள்ளே விட்டார். கேமராவை நிறுத்தும் முக்காலியான ட்ரைபாடை வாங்கி வைத்துக்கொண்டார். ட்ரைபாட் இருந்தால் அது வணிகப் படப்பிடிப்பு, அதற்கு நாள் வாடகை தனி என்பது மேலிடத்து உத்தரவாம். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. சொன்னதைச் செய்கிறவர்.

நான் கேட்பது ஒன்றுதான்: ட்ரைபாடை உள்ளே விடுங்கள்.

பிரசவ வார்டின் கோடியில், மருந்து அலமாரிக்குப் பக்கத்தில், ஒரு கரும்பலகை இன்னும் சுவரில் இருக்கிறது. படுக்கை, தாய், சேய் என்று மூன்று பத்தி. கடைசியாகப் பணியில் இருந்த செவிலியர் சாக்பீஸால் எழுதிய எண்கள் அழியாமல் நிற்கின்றன. சேய் என்ற பத்தியில் 7 என்று எழுதி, அதை அடித்து, பக்கத்தில் 8 என்று திருத்தியிருக்கிறார். வார்டைப் பூட்டுவதற்குச் சற்று முன்புகூட அங்கே ஒரு குழந்தை பிறந்திருக்கிறது.

அந்த 8-ஐத்தான் என்னால் எடுக்க முடியவில்லை. ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்திருக்கிறீர்கள். சுவரின் உச்சியில் இருக்கும் ஒரு சின்ன ஜன்னல் வழியாக வருவதுதான் வெளிச்சம். ஃபிளாஷ் போட்டால் பலகையின் கறுப்பு வண்ணம் பளபளத்து எழுத்தை விழுங்கிவிடுகிறது. ட்ரைபாடில் கேமராவை அசையாமல் நிறுத்தி, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 100-லும் லென்ஸ் திறப்பை எஃப் 8-லும் வைத்து, ஷட்டரை ஒரு நிமிடம் திறந்து வைத்தால் சாக்பீஸ் தூள்கூடப் பதியும். கையில் பிடித்து எடுப்பதென்றால், லென்ஸை எஃப் 2.8 வரை திறந்தும் ஐஎஸ்ஓ 12,800-க்கு ஏற வேண்டியிருக்கிறது; அவ்வளவு ஏற்றினால் படமெங்கும் புள்ளி விழும். ஷட்டர் வேகம் அப்போதும் 1/15 நொடிதான். மூச்சை அடக்கிக்கொண்டு அறுபது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், அறுபதிலும் அந்த எண் புள்ளிகளுக்குள் கரைந்து கிடக்கிறது.

போன வருடம் இதே கட்டடத்தில் சினிமாப் படப்பிடிப்பு நடந்தது. ஜெனரேட்டர் வந்தது, டிராலிக்குத் தண்டவாளம் போட்டார்கள், ஒரு வார்டின் சுவருக்கு ரத்தச் சிவப்பில் வண்ணம் அடித்துவிட்டுப் போனார்கள். அது இன்றும் அப்படியே இருக்கிறது. அவர்களுக்குப் பேய் உலவ ஒரு கட்டடம் தேவைப்பட்டது. எங்கள் ஊரில் பாதிப்பேர் பிறந்த இடம் அது. வாடகை கொடுத்தவர்களுக்குத் திறந்த கதவு எங்களுக்கு ஏன் திறக்கவில்லை?

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே, 1837-ல் கட்டிய மத்திய சிறை இருந்ததே, நினைவிருக்கும். 2006-ல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள், 2009-ல் இடித்தார்கள். இடிக்கும் முன் பொதுமக்களை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்க்கச் செய்தார்கள். இன்று அந்த அறைகளைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே எடுத்த படங்களைத்தான் தேட வேண்டும். நம் கட்டடத்துக்கு அதுவும் இருக்காது.

பாதுகாப்பு பற்றிச் சொல்கிறீர்கள். மரக் கட்டைகள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பரப்பிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை, அதன் தேக்குக் கட்டைகள் உளுத்திருக்கின்றன என்பது எனக்கும் தெரியும். ட்ரைபாட் வைத்திருப்பவன் சுவரோரம் ஒரே இடத்தில் நிற்பான். கையில் கேமரா வைத்திருப்பவன்தான் வெளிச்சம் தேடி அறை அறையாக நடப்பான். தலைக்கவசம் அணிகிறேன், புறா எச்சத்துக்கு முகக்கவசம் போட்டுக்கொள்கிறேன், எதற்கும் நானே பொறுப்பு என்று எழுதியும் தருகிறேன்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இடிக்க டெண்டர் விட்டாயிற்று என்று கேள்விப்பட்டதிலிருந்து மனது நிலையில் இல்லை. இரண்டே இரண்டு காலைகள், ஆறரை முதல் எட்டு மணி வரை கொடுங்கள். அந்தச் சின்ன ஜன்னல் கிழக்கே பார்த்தது. எடுக்கும் படங்களின் பிரதி அத்தனையும் உங்கள் அலுவலகத்துக்கே தருகிறேன். ட்ரைபாடை மட்டும் தயவுசெய்து உள்ளே விடுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பிரசவ வார்டில் பிறந்த ஒருவன்