கம்பம் பள்ளத்தாக்கு பன்னீர் திராட்சை விவசாயிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருமக்களுக்கு வணக்கம்.

விலை விழும்போதெல்லாம் ஒயின் ஆலை வேண்டும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் சந்தைக்கு வெட்டும் அதே பழத்தை ஆலை வாசலில் இறக்கினால் நல்ல ஒயின் வராது. அதற்கான வேலை பந்தலிலேயே தொடங்கியாக வேண்டும்.

வியாபாரிக்கு நிறம் போதும். ஒயினுக்குச் சர்க்கரை வேண்டும். ஒரு லிட்டர் சாற்றில் 17 கிராம் சர்க்கரை நொதித்தால்தான் ஏறத்தாழ 1 சதவீத ஆல்கஹால். பிரிக்ஸ் என்பது 100 கிராம் சாற்றில் ஏறத்தாழ எத்தனை கிராம் சர்க்கரை என்ற அளவு. 15 பிரிக்ஸில் வெட்டிய பழம் 8 சதவீதத்தில் நின்றுவிடும். அந்த ஒயின் சீக்கிரம் காடியாகும். 12 சதவீதத்துக்கு 21 பிரிக்ஸ் வேண்டும். சர்க்கரையைக் கொட்டினால் ஆல்கஹால் ஏறும், பன்னீர் மணம் ஏறாது.

ஒரே பழத்தைக் கிள்ளிப் பிரிக்ஸ் மீட்டரில் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். கொத்தின் மேல்பழம் தேனாக இனிக்கும்போதே நுனிப்பழம் புளித்துக்கொண்டிருக்கும். வெயில்பட்ட கொத்து, இலை மறைத்த கொத்து இரண்டிலும் மேல், நடு, நுனி என்று 100 பழம் பறித்து, ஒன்றாகப் பிழிந்து அளக்க வேண்டும். மழைக்கு மறுநாள் அளவு இறங்கிக் காட்டும். இரண்டு நாள் பொறுங்கள்.

நிறம் வந்தபின்னும் கொடியில் விட்டால்தான் இனிப்பு ஏறும். பன்னீருக்குத் தோல் மெல்லிசு. மழை பிடித்தால் வெடித்துப் பூஞ்சணம் ஏறும். ஆகவே கோடை அறுவடையை ஒயினுக்கு ஒதுக்குங்கள், மழைக்கால அறுவடை சந்தைக்கே போகட்டும். சாம்பல் நோய்க்குக் கந்தகம் அடிப்பதை அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுங்கள். மிச்சக் கந்தகத்தை ஈஸ்ட் அழுகிய முட்டை நாற்றமாக மாற்றிவிடும். விடியற்காலையில் வெட்டி, ஆழமில்லாத கிரேட்டில் அடுக்குங்கள். லாரியில் குவித்தால் அடிப்பழம் நசுங்கி, ஆலை போய்ச் சேருமுன்னே புளிக்கத் தொடங்கும்.

இன்னொன்று. பன்னீர், அதாவது மஸ்கட் ஹாம்பர்க், கருஞ்சிவப்பு ஒயினுக்கான ரகம் அல்ல. தோலில் அவ்வளவு சாயம் இல்லை. அதன் செல்வம் மணம்தான். சீனாவின் தியான்ஜினில் 1980-ல் பிரெஞ்சு நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கிய டைனஸ்டி ஆலை இதே ரகத்தைத் தோலோடு ஊறவிடாமல் பிழிந்து, வெள்ளை ஒயின் செய்துதான் பெயரெடுத்தது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் பழத்துக்கும் வெள்ளை, இளஞ்சிவப்பு (ரோஸே), இனிப்பு ஒயின்களே பொருந்தும்.

கொடியில் கூடுதல் நாள் விட்டால் எடை குறையும், அந்த நட்டம் உங்கள் தலையில் விழக்கூடாது. அடுத்த மனுவில் ஆலையோடு சேர்த்து இதையும் எழுதுங்கள்: கிலோவுக்கு ஒரே விலை வேண்டாம், 18 பிரிக்ஸுக்கு ஒரு விலை, 20-க்கு ஒரு விலை, 21-க்கு ஒரு விலை.

இப்படிக்கு,
ஒயின் தயாரிப்பில் உள்ளோர் சிலர்