பாட்டிலைத் திறக்க மாணவர்களை விடுங்கள்

சென்னைக் கல்லூரிகளின் தாவரவியல், உயிரித் தொழில்நுட்பத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். செடியின் சிறு துண்டைப் பாட்டிலுக்குள் கிருமியில்லாமல் வளர்த்து வாழைக்கன்று உற்பத்தி செய்யும் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பட்டதாரிகளுக்குக் கைவேலை பழக்குவது என் பொறுப்பு. திசு வளர்ப்பின் முன்னோடி ஹேபர்லாண்ட் 1902-இல் என்ன சொன்னார் என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். முராஷிகியும் ஸ்கூகும் 1962-இல் வெளியிட்ட எம்எஸ் ஊடகத்தின், அதாவது துண்டுக்கு உணவாகும் கலவையின், உப்புகளும் மனப்பாடம். ஆனால் இடுக்கியைச் சுடரில் காட்டி, ஆறவிட்டு, திறந்த பாட்டிலுக்கு மேலே கை போகாமல் ஒரு தளிரை உள்ளே வைக்கச் சொன்னால் தடுமாறுகிறார்கள். வடிகட்டிய காற்று வீசும் லேமினார் மேடை முன்னால் உட்கார்ந்ததே இல்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம். கல்லூரியில் கருவி இருந்திருக்கிறது. தள்ளி நின்று பார்த்திருக்கிறார்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு மாணவரும் ஒரு செடியையாவது வெட்டியதிலிருந்து தொட்டி வரைக்கும் தன் கையால் கொண்டுவர வேண்டும்.

செலவாகும் என்பீர்கள். எம்எஸ் பொடி பாக்கெட்டாகவே கிடைக்கிறது. ஒரு லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை வேண்டும். மளிகைக் கடைச் சர்க்கரையே போதும். ஊடகத்தைக் கெட்டியாக்கும் அகருக்கு, நோன்பு மாதத்தில் வீடுகளில் காய்ச்சும் கடல்பாசி இருக்கிறது. அமிலக் காரத்தன்மையை (pH) 5.8-க்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரியில் செய்வதைச் சமையலறைக் குக்கரும் கிட்டத்தட்ட செய்துவிடும். தளிரைக் கழுவப் பாதரசக் குளோரைடு வேண்டவே வேண்டாம், நீர்த்த பிளீச் போதும். முதல் செடியாக வாழையைக் கொடுக்காதீர்கள். கிழங்கிலிருக்கும் பாக்டீரியா மாணவரைச் சோர்வடைய வைத்துவிடும். நீர்ப்பிரம்மியைக் கொடுங்கள். ஒரு கணுவை வைத்தால் சில வாரங்களில் கொத்தாகத் துளிர்க்கும். ஒரு செமஸ்டருக்குள் தொட்டிக்கும் வந்துவிடும்.

பாட்டில்கள் கெடும். கெடட்டும், அங்கேதான் படிப்பே இருக்கிறது. துண்டின் அடியைச் சுற்றிப் பால்போலக் கலங்கினால் கிருமி பெரும்பாலும் செடிக்குள்ளிருந்தே வந்திருக்கும். துண்டுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் பஞ்சாகப் பூஞ்சை எழும்பினால் காற்றையோ கையையோ சந்தேகப்பட வேண்டும். ஐப்பசி மழை தொடங்கியதும் பூஞ்சைத் தொல்லை கூடுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். இந்தக் கண் எந்தப் புத்தகத்திலிருந்தும் வராது.

அப்புறம் ஹார்டனிங், அதாவது பாட்டில் செடியை வெளிக்காற்றுக்குப் பழக்குவது. பாட்டிலுக்குள் வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு மெலிது, இலைத்துளைகளுக்குச் சரியாக மூடத் தெரியாது. நம் சித்திரை வெயிலில் அதை அப்படியே வெளியே வைத்தால் மதியத்துக்குள் துவண்டுவிடும். அகரை நன்றாகக் கழுவி, தேங்காய் நார்க்கழிவில் நட்டு, முதலில் ஈரம் காக்கும் மூடிக்குள், பிறகு நிழல்வலைக்குக் கீழே என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். கல்லூரி மாடியில் ஒரு மூலை போதும் இதற்கு.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. திசு வளர்ப்பு நல்லதையும் பெருக்கும், நோயையும் பெருக்கும். நம் விருப்பாட்சி, சிறுமலை மலைவாழைகளை முடிக்கொத்து நோய் வைரஸ் எப்படி அழித்தது என்று உங்களுக்குத் தெரியும். அவற்றை மீட்க உதவியதும் வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகள்தான். தாய்க்கிழங்கில் வைரஸ் இருந்து அதைக் கவனிக்காமல் விட்டால் ஆயிரக்கணக்கான விவசாயக் கன்றுகளுக்கு அது போய்ச் சேரும். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் கொண்டுவந்த சான்றிதழ் முறையில் வைரஸ் பரிசோதனை உண்டு. இருந்தாலும் சப்கல்ச்சர் (புது ஊடகத்துக்குப் பிரித்து மாற்றுவது) கூடக் கூட உருமாறும் கன்றுகளைத் தினமும் பாட்டில் முன்னால் உட்காருபவர்தான் முதலில் பார்க்கிறார். அவருக்கு இலையின் இயல்பு தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வருபவருக்கு நாங்கள் மாதக்கணக்கில் பழக்குகிறோம்; அதற்குள் பலர் தனக்கு இது வராது என்று முடிவு செய்து போய்விடுகிறார்கள். நல்ல பிள்ளைகள். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

பாடத்திட்டக் குழு அடுத்த முறை கூடும்போது செய்முறை மதிப்பெண்ணில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். தொட்டியில் செடி உயிரோடு நின்றால் அதற்கு மதிப்பெண். செத்துப்போனால், ஏன் செத்தது என்று மாணவர் தன் பதிவேட்டில் சரியாகக் கண்டுபிடித்து எழுதியிருந்தால் அதற்கும் அதே மதிப்பெண் கொடுங்கள்.

இப்படிக்கு,
திசு வளர்ப்புக் கூடப் பயிற்சியாளர் ஒருவர்,
சென்னை