பின்பக்கக் கதவைத் திறந்துவிட்ட அக்காவுக்கு

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று ராத்திரி ரசம் சோறு சாப்பிட்டு, டிவியில் செய்தி பார்த்து, எதிர்க்கட்சிக்காரர்களை வழக்கம்போலத் திட்டிவிட்டுத்தான் படுத்தார். அப்படியென்றால் நல்ல சுகம் என்று அர்த்தம். ஊரிலிருந்தும் சொந்தத்திலிருந்தும் கட்சியிலிருந்தும் விசாரித்துக்கொண்டே இருக்கிற எல்லோருக்கும் இதுதான் பதில். திருச்சி ஜி கார்னர் மைதானத்தில் கட்சிப் பிரச்சாரக் கூட்டத்துக்குப் போன அன்றைக்கு அம்மா வெயிலில் சுருண்டு விழுந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் மொத்தமாகச் சிலருக்கு. சவுக்குக் கட்டைத் தடுப்புக்கு மேலே அம்மாவைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கிய இரண்டு தம்பிகளுக்கு. அதில் ஒருவர் தன் கட்சித் துண்டை நனைத்து அம்மா தலையில் போட்டார், அது எங்கள் வீட்டுக் கொடியில் தொங்குகிறது, வந்து வாங்கிக்கொள்ளலாம். வழிவிடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திய பெண் போலீசுக்கு. அந்த நெரிசலில் வண்டியை ரிவர்ஸிலேயே தெருவுக்குள் கொண்டுவந்த 108 ஓட்டுநருக்கு. ஊசி குத்துவதற்குள் பேரன் பேத்தி கதையெல்லாம் கேட்டு அம்மாவைப் பேச வைத்துக்கொண்டே வந்த அந்த வண்டித் தங்கைக்கு. அரசு மருத்துவமனையில் ராத்திரி டூட்டியில் இருந்த டாக்டரம்மாவுக்கும் நர்ஸ்களுக்கும். மற்றவர்களை ஊரில் இறக்கிவிட்டு, மறுபடி திருச்சிக்குத் திரும்பி வந்து ஆஸ்பத்திரி வாசலிலேயே தூங்கிய வேன்காரருக்கு. எல்லோருக்கும் தனித்தனியாக எழுதத்தான் ஆசை. ஆனால் எழுத உட்கார்ந்தால் மனசு ஒரே ஒரு வீட்டு வாசலுக்குத்தான் போகிறது.

அக்கா, நீங்கள் இதைப் படிப்பீர்களா தெரியாது. பரீட்சை முடிந்ததும் உங்கள் மகள் படித்துக் காட்டுவாள் என்று நம்பி எழுதுகிறேன்.

ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லை என்று சர்வீஸ் ரோட்டைத் தாண்டி அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தோம். உங்கள் வீட்டுத் திண்ணையில் நிழல் இருந்தது, கேட்காமலே படுக்க வைத்தோம். நீங்கள் வெளியே வந்ததும் முதலில் எங்களைத் திட்டினீர்கள். "காலைலேர்ந்து காதுல மைக்கு. பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிற பிள்ள வீட்டுல இருக்கு. வண்டியக் கொண்டாந்து வாசல மறிச்சு நிப்பாட்டிட்டாங்க. இப்ப திண்ணையும் வேணுமா?" அதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் அம்மா முகத்தைப் பார்த்தீர்கள். உள்ளே போய்ச் சொம்பில் உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்தீர்கள். அம்மா வாயைத் திறக்கவில்லை. அதற்கு முன்பே மைதானத்தில் எத்தனையோ பேர் பாட்டிலை நீட்டினார்கள், அப்போதும் திறக்கவில்லை. விழுங்க முடியவில்லை போலிருக்கிறது என்று நாங்கள் பதறிக்கொண்டிருந்தோம். நீங்கள் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தீர்கள். பிறகு குனிந்து காதோரம் சொன்னீர்கள்: "யம்மா, பின்னாடி பாத்ரூம் இருக்கு. சுத்தமா இருக்கு. உள்தாப்பாளும் இருக்கு. தைரியமாக் குடிங்க."

அம்மா கண்ணைத் திறந்தார். சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடித்தார்.

கூட்டத்துக்குப் போய்ப் பழகிய பெண்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஆண்களுக்காகச் சொல்கிறேன். பிரச்சாரக் கூட்டத்துக்குக் கிளம்பும் பெண் விடிகாலையில் ஒரு காபி குடிப்பாள், அதோடு சரி. வேனில் கொடுக்கும் தண்ணீர்ப் பாக்கெட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வாள். பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தாலும் காரம் இழுக்கும், தண்ணீர் கேட்கும் என்று பாதியில் மூடிவிடுவாள். அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. காலையில் போட வேண்டிய மாத்திரைகளில் நீர் பிரிவதற்கான மாத்திரையை மட்டும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். இதை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டுத்தான் நானே தெரிந்துகொண்டேன்.

மைதானத்தில் கழிப்பறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மேடைக்குப் பின்னால் தலைவர்களுக்கு ஏசி கேரவன் நின்றது. எங்களுக்கு, கண்ணுக்கெட்டாத மூலையில் தகரம் அடித்து மறைத்த ஓர் இடம், தண்ணீர் இல்லாமல். அதுவரை நடந்து போவதும் லேசில்லை. மகளிரை எப்போதும் முன்வரிசையில்தான் உட்கார வைப்பார்கள், கேமராவில் நன்றாகத் தெரியும். நாலு பக்கமும் கட்டை கட்டிய கட்டத்துக்குள் உட்கார்ந்துவிட்டால் பின்னால் இருக்கும் ஆயிரக்கணக்கான ஆண்களைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். வந்தால் இடம் போய்விடும், கூட வந்தவர்களும் கண்ணில் படமாட்டார்கள். பங்குனி வெயிலில் மத்தியானமே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். தலைவர் வந்து சேர்ந்தது விளக்குப் போட்ட பிறகு. இடையில் ஆண்களுக்கு என்ன கவலை, சுவரும் கருவேலஞ்செடியும் எங்கேயும் இருக்கின்றன.

அதனால்தான் சொல்கிறேன். தண்ணீரை எல்லோரும் நீட்டினார்கள். அம்மாவைக் குடிக்க வைத்தது உங்கள் வீட்டுப் பாத்ரூம்.

அது அம்மாவோடு நிற்கவில்லை. எங்களோடு வந்த பெண்கள் வாசலில் நின்று உங்களையே பார்த்தார்கள். யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நீங்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, சந்துப் பக்கம் இருந்த பின்கதவின் கொண்டியைத் தட்டி எடுத்தீர்கள். "இப்படி வாங்க, ஒவ்வொருத்தரா." அவ்வளவுதான். எப்படித்தான் தெரிந்ததோ, பக்கத்து வேன் பெண்கள், அதற்கடுத்த வேன் பெண்கள், பெரம்பலூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் சந்தில் வரிசை கட்டிவிட்டார்கள். துளசி மாடத்தைச் சுற்றி ஒரே செருப்பு.

உங்கள் மகள் குழாயடியில் நின்றாள். ஒரு கையில் சமூக அறிவியல் புத்தகம், இன்னொரு கை குழாயில். காதில் பஞ்சு அடைத்திருந்தாள். பக்கெட் நிறைந்ததும் தூக்கிக் கொண்டுபோய் உள்ளே வைப்பாள், வந்து விட்ட இடத்திலிருந்து படிப்பாள். "பார்த்து ஊத்துங்க, தொட்டில இருக்கறதுதான், நாளைக்குக் காலைலதான் தண்ணி வரும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஒரு பாட்டிக்கு மூட்டுவலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தயங்கி நின்றார். அந்தப் பெண் புத்தகத்தைத் துணி துவைக்கும் கல்லின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, தான் படிக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிடிமானத்துக்கு உள்ளே போட்டுக் கொடுத்தாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அந்த நாற்காலி கடைசிவரை அங்கேயே இருந்ததாம். அவள் நின்றுகொண்டே படித்திருக்கிறாள்.

இருந்ததாம் என்கிறேன், ஏனென்றால் அதற்குள் நாங்கள் ஆம்புலன்ஸில் ஏறிவிட்டோம். கூட்டம் முடிந்து மைக் நிற்கும்வரை கதவை நீங்கள் சாத்தவில்லை என்று எங்கள் ஊர்ப் பெண்கள் வந்து சொன்னார்கள். அத்தனை பேர் போய் வந்த பிறகு அன்றைக்கு ராத்திரி அந்த இடத்தைக் கழுவியது யார், எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது. நீங்கள் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. நீங்களும் எங்கள் சேலைக் கரையைப் பார்த்து முகம் மாறவில்லை.

எங்கள் அம்மாயி 1956 மே மாதம் திருச்சியில் நடந்த தி.மு.க. மாநாட்டுக்குப் போனவர். தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்று வந்தவர்களிடமே பெட்டி வைத்து ஓட்டு வாங்கிய மாநாடு அது. அந்தப் பெட்டியில் தானும் ஒரு சீட்டுப் போட்டதைச் சாகும்வரை பெருமையாகச் சொல்வார். (பிற்பாடு எங்கள் வீட்டில் கட்சி மாறியது, அது வேறு கதை.) ஒருமுறை அம்மா அவரிடம், அத்தனை கூட்டத்தில் ஒதுங்குவதற்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டாராம். "இருட்டட்டும்னு இருந்தோம்" என்றாராம் அம்மாயி. அன்றைக்கு மேடையில் இருந்தவர்கள் தேர்தலில் நின்றார்கள், ஆட்சிக்கே வந்தார்கள். எத்தனையோ ஆட்சி மாறியும் விட்டது. அம்மாயியின் மகள் இன்னும் இருட்டட்டும் என்றுதான் காத்திருக்கிறார். இப்போது மைதானம் முழுக்க ஃபோகஸ் லைட் போடுகிறார்கள், இருட்டுக்கும் வழியில்லை.

2016 ஏப்ரலில் விருத்தாசலம் பிரச்சாரக் கூட்டத்தில் வெயிலில் காத்திருந்தவர்கள் இரண்டு பேர் செத்துப்போனார்கள். 2025 செப்டம்பர் 27 கரூரை யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, 41 உயிர். அதற்கப்புறம் உயர் நீதிமன்றம் கூட்டங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை வேண்டும் என்றது, குடிநீர், ஆம்புலன்ஸ் என்றெல்லாம் பேச்சு வந்தது. நல்லது. ஆனால் தண்ணீர்ப் பாட்டில் லாரி லாரியாக வந்து இறங்கினாலும், போக இடமில்லாதவள் அதைத் தொட மாட்டாள். ராத்திரி 10 மணிக்கு மேல் மைக் போடக் கூடாது என்பது ஒரு கிளைச் செயலாளர் விடாமல் எல்லோருக்கும் மனப்பாடம். அதே கண்டிப்பு இதற்கும் வந்தால் போதும். மொபைல் டாய்லெட் வண்டிகள் வாடகைக்குக் கிடைக்காமலா இருக்கின்றன? கோயில் திருவிழாவுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்களே. கிரேனில் தொங்கவிடும் ஒரு ஆப்பிள் மாலைக் காசில் எத்தனை வண்டி வரும் என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

எங்கள் ஊரில் மகளிரைத் திரட்டி வேன் ஏற்றும் வேலை அம்மாவுடையது, அடுத்து எனக்கு வரும் என்று பேச்சு இருக்கிறது. வந்தால், ஒன்றியத்திலிருந்து ஆள் தேடி வரும்போது நான் கேட்கும் முதல் கேள்வி எத்தனை வேன் என்பதாக இருக்காது. எத்தனை கழிப்பறை, தண்ணீர் உண்டா, எங்கள் கட்டத்திலிருந்து எத்தனை தூரம். பதில் சரியாக வராவிட்டால் ஒரு பெண்ணையும் ஏற்ற மாட்டேன். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "கேளு, கேளு. ஆனா வேனும் ரெண்டு கூடக் கேளு, போன தடவ மடிமேல உக்காந்து வந்தோம்" என்றார். திருந்துகிற ஆள் இல்லை.

அக்கா, அம்மாவுக்கு நீங்கள் மாற்றிவிட்ட பச்சை நைட்டியைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். பாப்பா சமூக அறிவியல் எப்படி எழுதினாள் என்று அம்மா தினமும் கேட்டபடி இருக்கிறார், எனக்கென்னவோ எழுதியது அவர் என்று தோன்றுகிறது. பரீட்சையெல்லாம் முடிந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். அம்மா முறுக்குச் சுட்டு எடுத்து வருவார். நான் அஞ்சு லிட்டர் பினாயில் கேன் கொண்டுவருவேன், கோபித்துக்கொள்ளாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.