காப்பிக்கு ஒரு குறைந்தபட்ச விலை: வணிக உடன்பாடு பேசுவோருக்குத் திறந்த மடல்

ஒன்றிய வணிகம் மற்றும் தொழில்துறை அமைச்சகத்தில் அயல்நாட்டு உடன்பாடுகளைப் பேசி முடிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் இடையே மூன்று ஏக்கரில் காப்பி வைத்திருக்கும் சிறு விவசாயி நான். சில்வர் ஓக் நிழலில் அராபிகா, மரத்தில் மிளகுக்கொடி, ஓரங்களில் மலைவாழை. ஏறக்குறைய ஆறு கிலோ பழம் பறித்து, தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவிக் காயப்போட்டால் ஒரு கிலோ பச்சைக்கொட்டை தேறும்.

சென்ற தை மாதம் எங்கள் மூட்டையை எடை போட வந்த வியாபாரி, உள்ளே கைவிட்டு ஒரு கொட்டையை எடுத்துக் கடித்துப் பார்த்து, "ஈரம் இருக்கு" என்று மூட்டைக்கு ஒரு கிலோ கழித்தார். பிறகு கைப்பேசியில் நியூயார்க் சந்தையைப் பார்த்துவிட்டு விலை சொன்னார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, அவருக்கும் அந்த விலைதான். ஆனால், எங்கள் கொட்டையைக் கடித்தே பார்த்திராதவர்கள் அல்லவா அந்த விலையை வைக்கிறார்கள்!

அந்தச் சந்தையில் ஒரு பவுண்டு எடை (ஏறக்குறைய 454 கிராம்) அராபிகாவின் விலை 2001-இல் 50 அமெரிக்க சென்டுக்கும் கீழே போனது. 2025 பிப்ரவரியில் நான்கு டாலரைத் தாண்டியது. நாடுகளுக்கிடையே ஏற்றுமதிப் பங்கீடு செய்து விலையைத் தாங்கிவந்த பன்னாட்டுக் காப்பி உடன்பாட்டின் ஏற்பாடு 1989-இல் குலைந்தது; ஒன்றிய அரசின் காப்பி வாரியமே எங்களிடம் கொள்முதல் செய்த முறையும் 1996-இல் முற்றிலும் முடிந்தது. பணத்தைத் தவணை தவணையாகத் தந்த அந்தப் பழைய முறை திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விலை இவ்வளவு ஏறிய பிறகும் என்ன முறையீடு என்று தாங்கள் கேட்கலாம். காப்பிச்செடி காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். விலை விழுந்தபோது செடியைப் பிடுங்கிவிட்டுக் கூலிக்குப் போனவர், ஏறிய விலையைத் தொலைவில் நின்று பார்க்கத்தான் முடியும்.

1988-இல் நெதர்லாந்தில், மெக்சிகோ விவசாயிகளின் காப்பியோடு தொடங்கிய நியாய வணிக (ஃபேர்டிரேட்) முத்திரை இதற்கு ஒரு விடை கண்டது: சந்தை எவ்வளவு விழுந்தாலும் ஒரு குறைந்தபட்ச விலை. கழுவிய அராபிகாவுக்கு அது 2023 ஆகஸ்டில் பவுண்டுக்கு 1 டாலர் 80 சென்டாக உயர்ந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆயினும் அந்த முத்திரைக்கான சான்று பெற்ற கூட்டுறவுகள்கூடத் தங்கள் விளைச்சலில் ஒரு பகுதியையே அந்த விலைக்கு விற்க முடிகிறது. எஞ்சியது பழைய சந்தைக்கே போகிறது. உழைப்புக்கு உரிய விலை, வாங்குபவரின் நல்ல மனத்தைப் பொறுத்ததாக இருக்கும்வரை அதை நியாயம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இதற்கிடையே, காடழிப்பைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய சட்டம், அங்கே விற்கும் காப்பி எந்த நிலத்தில் விளைந்தது என்று வரைபடத்தில் காட்டும் இருப்பிடக் குறியீட்டைக் கேட்கிறது. நடைமுறைத் தேதி தள்ளிப்போனாலும் அது வரத்தான் போகிறது. நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. மர நிழலிலேயே பயிர் செய்கிறவர்கள் நாங்கள். ஆனால் பட்டாவே தாத்தா பெயரில் கிடக்கும் குடும்பங்கள் இந்தச் சான்றுகளுக்கு எங்கே அலைவது?

ஆகவே, தாங்கள் கையெழுத்திடும் உடன்பாடுகளில், சான்றுக்கான செலவை இறக்குமதி செய்யும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்றும், சிறு விவசாயியின் காப்பி உற்பத்திச் செலவுக்குக் கீழே வாங்கப்படக் கூடாது என்றும் எழுதிச் சேர்க்க வேண்டுகிறேன். வரைவைத் தமிழில் வெளியிட்டு, தாண்டிக்குடியில் உள்ள காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு நாள் எங்களைக் கேளுங்கள். மார்கழி மட்டும் வேண்டாம். அப்போது எல்லோரும் பழம் பறித்துக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
கீழ்ப்பழனி மலைக் காப்பி விவசாயி ஒருவர்