மடிப்பாக்கம் வீட்டில் எதை எங்கே வைப்பது?

மேற்கு மாம்பலம்,
சென்னை.

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பாளையங்கோட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஆடி கழிந்ததும் ஆவணியில் நல்ல நாள் பார்த்து மடிப்பாக்கத்தில் பால் காய்ச்சப் போகிறீர்கள் என்று படித்ததும், இனி மாதம் ஒரு முறையாவது உன்னோடு நேரில் உட்கார்ந்து பேசலாம் என்ற மகிழ்ச்சிதான் எனக்கு முதலில் வந்தது. மருமகளும் பேரனும் நலமாக இருக்கிறார்கள் என்ற செய்தியை என் மனைவியிடம் சொன்னேன். உன் மனைவி, தங்கை சாரதாவுக்குத் தனியாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். எங்கள் மகள் வேலை மாற்றலாகிப் பெங்களூருக்குப் போய்விட்டாள். மற்றபடி இங்கே எல்லோரும் நலம்.

பெரிய வீட்டில் பரவிக் கிடந்த பொருள்களை இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் அதிகச் செலவில்லாமல் எப்படி அடக்குவது, எந்த அலமாரியை வாங்குவது என்று கேட்டிருந்தாய். வீடு தரைத்தளத்தில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். ஆகவே அலமாரியின் அகலத்தையும் அழகையும் பார்ப்பதற்கு முன், அதன் அடித்தட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய வேளச்சேரி, மடிப்பாக்கம் பகுதிகளில் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தத் தெருவில் நீண்ட நாள் குடியிருப்பவர்களிடம் அப்போது தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று விசாரி. அவர்கள் சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். அந்த உயரத்துக்குக் கீழே துடைத்தால் தூய்மையாகிவிடும் பொருள்களை மட்டுமே வை. கட்டிலுக்கு அடியில் பெட்டிகளைத் தள்ளி வைக்கும் யோசனையை எல்லோரும் உனக்குச் சொல்வார்கள். மாடி வீட்டுக்கு அது நல்ல யோசனைதான், உன் வீட்டில் அங்கே பக்கெட்டும் பாத்திரமும் தவிர வேறெதுவும் வேண்டாம்.

இந்தக் காரணத்தால்தான் உனக்கு ஆங்கிள் ரேக்கைப் பரிந்துரைக்கிறேன். நெடுகத் துளையிட்ட இரும்புக் கால்கள் நான்கும், அவற்றில் போல்ட், நட் போட்டு முடுக்கும் தகரத் தட்டுகளும் கொண்ட அதே ரேக்தான். மளிகைக் கடைகளிலும் அலுவலகக் கோப்பறைகளிலும் நீ ஆயிரம் முறை பார்த்திருப்பாய். வீட்டுக்கு அது பொருந்தாது என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. ஆனால் நல்ல மர அலமாரி ஒன்றைச் செய்விக்கும் செலவில் இத்தகைய ரேக்குகள் இரண்டு மூன்று வாங்கிவிடலாம் என்பதோடு, தட்டுகளை வேண்டிய துளைக்கு ஏற்றவும் இறக்கவும் முடியும் என்பதால், அடித்தட்டைத் தரையிலிருந்து இரண்டடி தள்ளிப் பொருத்துவது உன் விருப்பத்தில் இருக்கிறது. வீடு மாறும்போது கழற்றிக் கட்டி எடுத்துப் போகலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. கரையான் இரும்பை அரிக்காது. மூலையில் முக்கோணத் தகடு வைத்து முடுக்கச் சொல், இல்லையென்றால் ரேக் ஆடும். கால்களின் அடியில் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் குமிழ் போட்டுக்கொண்டால் தரை கீறாது, ஈரத்தில் துருவும் ஏறாது. கனமானவற்றைக் கீழ்த்தட்டுகளில் வைக்க வேண்டும். பேத்தி ஏறி விளையாடும் வயதில் இருப்பதால், வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டு மேற்புறத்தில் ஓர் இடத்திலாவது சுவரோடு திருகி இறுக்கிவிடு; இதில் மட்டும் அலட்சியம் கூடாது. கூடத்தில் வைக்க வேண்டியிருந்தால், பழைய பருத்திச் சேலையைத் திரையாகத் தைத்துக் கம்பியில் மாட்டினால் போதும்.

மரத்தில்தான் செய்ய வேண்டும் என்று மகன் விரும்பினால், பிளைவுட்டின் மேல் அச்சிட்டிருக்கும் இந்தியத் தர எண்ணைப் பார்த்து வாங்கச் சொல். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுக்கானது, அதிலேயே எம்.ஆர். வகை உலர்ந்த அறைகளுக்கும், பி.டபிள்யூ.ஆர். வகை ஓரளவு ஈரம் படும் இடங்களுக்கும் உரியவை. ஐ.எஸ். 710 என்பதுதான் மரைன் பிளை. சமையலறைத் தொட்டிக்கு அடியிலும் குளியலறைச் சுவரை ஒட்டியும் அதுதான் நிற்கும். தயாராக விற்கும் மலிவான அலமாரிகள் பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டால் ஆனவை. ஒரு முறை தண்ணீர் குடித்துவிட்டால் அவை ஊதிப் பொரிந்துவிடும், பழுது பார்க்கவும் முடியாது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தரைத்தள வீட்டுக்கு அவை வேண்டாம். புத்தகத் தட்டுகளை மூன்றடிக்கு மேல் நீளமாக விடாதே, கனம் தாங்காமல் நடுவில் தொய்ந்துவிடும். எந்த அலமாரியையும் வெளிச்சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டு நிறுத்து. அந்த இடைவெளியில் காற்று ஓடினால்தான் கார்த்திகை மாதத்தில் துணியிலும் புத்தகத்திலும் பூஞ்சை பூக்காது. ஊரிலிருந்து கொண்டுவரும் இரும்பு பீரோவை விற்றுவிடாதே. அடியில் கட்டைகளோ செங்கற்களோ கொடுத்து உயர்த்தி வை.

துணிமணி விஷயத்தில் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது. அதன் துணி இருக்கும் இடத்தில் அந்துருண்டை போடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையின் ஆவியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையை உண்டாக்கும். அந்தக் குறைபாடு இருப்பது பல குடும்பங்களுக்கு முன்கூட்டியே தெரிவதும் இல்லை. குழந்தையின் உடைகளை நன்றாக வெயிலில் காயவைத்து, மூடியுள்ள பெட்டியில் தனியாக வைத்தாலே போதும். தங்கையின் பட்டுச் சேலைகளுக்கும் அந்துருண்டை நல்லதன்று, சரிகை நிறம் மங்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒரு முறை பிரித்து மடிப்பை மாற்றி மடித்தால், ஒரே கோட்டில் சரிகை ஒடியாது.

சமையலறைக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வீட்டு எவர்சில்வர் சம்படங்களே போதுமானவை. உயரம் ஒன்றுபோல இருக்கும் சம்படங்களை ஒரே தட்டில் நிறுத்து; உயரமானதும் குட்டையானதும் கலந்தால் தட்டின் மேற்பாதி வீணாகிறது. வீட்டுக்கு வெள்ளையடித்த பிறகு மிஞ்சும் பெயின்ட் வாளிகளை எடுத்துச் செடிக்கும் துடைப்பத் துணிக்கும் பயன்படுத்தலாம், உணவுப் பொருளுக்கு வேண்டாம். அரிசிக்கு மூடி இறுக்கமான தகர டின்னே சிறந்தது. உள்ளே இரண்டு துண்டு வசம்பையோ காய்ந்த வேப்பிலையையோ துணியில் முடிந்து போட்டால் வண்டு அண்டாது. எரிவாயு உருளையைக் கதவு போட்ட அலமாரிக்குள் காற்றோட்டமின்றி அடைக்காதே. அடுப்படியில் கூடுதல் தட்டு வேண்டுமென்றால் கடப்பா கல்லைப் போலச் சிக்கனமானது வேறில்லை. நீரும் கரையானும் அதை ஒன்றும் செய்வதில்லை. சுவரை உடைத்துப் பதிக்க உரிமையாளர் ஒப்ப வேண்டும் என்பது மட்டுமே தடை.

பரணைப் பற்றி நீ மிகவும் நம்பிக்கையோடு எழுதியிருக்கிறாய். வெள்ளம் எட்டாத இடம் என்பது உண்மைதான். ஆனால் ஏணி போட்டு ஏற வேண்டிய இடத்தில் ஆண்டுக்கு ஓரிரு முறை எடுப்பவற்றையே வைக்க வேண்டும், அதுவும் உன்னாலும் தங்கையாலும் ஏற முடியாது, மகன் வீட்டில் இருக்கும் நாளில்தான் இறக்க முடியும் என்பதை நினைத்துக்கொண்டு வைக்க வேண்டும். கொலு பொம்மைகள், பெரிய பாத்திரங்கள், பொங்கல் பானை, கூடுதல் மெத்தை ஆகியவை அங்கே போகலாம். அட்டைப்பெட்டியில் மட்டும் கட்டி ஏற்றாதே. அட்டையையும் அதன் பசையையும் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். உன் தாயாருடைய பழைய டிரங்குப் பெட்டிகள் இரண்டு இருந்தனவே, அவற்றைப் பொம்மைகளுக்கு ஒதுக்கு. பொம்மைகளைப் பருத்தித் துணியில் சுற்றி, எந்தப் படிக்கு உரியது என்று எழுதி வைத்தால் அடுத்த நவராத்திரிக்கு வேலை பாதியாகும்; பொம்மைகளை எடுத்த பிறகு அந்தப் பெட்டிகளே கொலுப் படிகளாகவும் நிற்கும். பெட்டியின் மூடியில் எழுதிப் பயனில்லை, கீழே நிற்பவரின் கண்ணில் படும் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அக்கறையாகத் தோன்றும் ஒன்றை இப்போது எழுதுகிறேன். பாளையங்கோட்டை வீட்டில் கத்தரிக்கோலிலிருந்து காய்ச்சல் மாத்திரை வரை எது வேண்டுமென்றாலும் "சாரதா, எங்கே?" என்ற குரல்தான் எழும். அவரும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எடுத்துக் கொடுப்பார். எத்தனை அலமாரி வாங்கினாலும், பொருள் இருக்கும் இடம் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், வீட்டின் சுமை முழுவதும் அவர் தலையில்தான் இருக்கிறது. இந்த வயதில் அதை மருமகளுக்குக் கைமாற்றிக் கொடுப்பதும் நியாயமாகாது. புது வீடு என்பதால் எல்லோருக்கும் எல்லாமே புதிது. ஆகவே பொருள் எங்கே பயன்படுகிறதோ அங்கேயே, அதைப் பயன்படுத்துபவரின் கை எட்டும் உயரத்தில் அதற்கு இடம் கொடு. பேத்தியின் பள்ளிப்பைக்கும் சீருடைக்கும் அவள் தோள் உயரத்தில் ஒரு மரச்சட்டத்தில் கொக்கிகள் அடித்துவிட்டால், அவளே மாட்டுவாள், அவளே எடுப்பாள். துவட்டும் துண்டுகள் படுக்கையறை பீரோவில் இருக்க வேண்டியதில்லை, குளியலறை வாசலில் இருக்கட்டும். உன் ரத்த அழுத்த மாத்திரை நீ சாப்பிட உட்காரும் இடத்தருகே, ஆனால் குழந்தைகளுக்கு எட்டாத தட்டில் இருக்க வேண்டும். குடையும் சாவியும் வாசற்கதவுக்குப் பக்கத்தில். இவற்றுக்கு ஆகும் செலவு சில கொக்கிகளும் ஒரு பலகையும்தான். ரங்கநாதன் தெருவில் எங்கள் மாம்பலம் ரயில் நிலையத்தைத் தாண்டியதுமே கிடைக்கும்.

காகிதங்களை மறந்துவிடாதே. கிரயப் பத்திரம், பட்டா, மகனின் சான்றிதழ்கள், குடும்ப அட்டை, காப்பீட்டுத் தாள்கள் எல்லாவற்றையும் நீர் புகாத உறைகளில் போட்டு ஒரே பையில் வை. அந்தப் பை தலை உயரத்தில் இருக்க வேண்டும், ஒரு கையால் எடுத்துக்கொண்டு வெளியேறும்படியும் இருக்க வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, தொலைந்த ஆவணங்களுக்கு நகல் வழங்கவென்றே அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும் சேர்த்துவிடச் சொல், மகனுக்கு அது எளிது.

கழிக்க வேண்டியவற்றை ஊரிலேயே கழித்துவிட்டு வா. லாரி வாடகை கொடுத்து ஏற்றி வந்து இங்கே காயலான் கடையில் போடுவது வீண் செலவு. நல்ல நிலையில் இருக்கும் கட்டிலும் பாத்திரமும் அக்கம்பக்கத்தில் யாருக்காவது பயன்படும். இங்கு வந்த பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை எல்லாத் தட்டுகளையும் காலி செய்து துடைப்பதை வழக்கமாக்கிக்கொள். ஆயுத பூஜைக்குச் செய்வது மழைக்கு முன் அமைகிறது. அடித்தட்டுப் பொருள்களை அப்போதே மேலே ஏற்றிவிடலாம். போகிக்குச் செய்வது மழை ஓய்ந்த பின் அமைகிறது. எங்கே ஈரம் இறங்கியது, எது பூஞ்சை பிடித்தது என்று அப்போது தெரியும். போகியன்று பழையதைத் தெருவில் கொளுத்தாமல் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிடு. அந்தப் புகை கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஆகாது.

வீட்டைப் பார்க்க மகன் மறுபடி போகும்போது சில அளவுகளை எடுத்து வரச் சொல்: ஒவ்வோர் அறையிலும் கதவும் சன்னலும் போக மிஞ்சும் சுவரின் நீளம், தரையிலிருந்து பரணின் அடிப்பாகம் வரை உயரம், பரணின் ஆழம், கதவுகள் எந்தப் பக்கம் திறக்கின்றன என்பது, மின் பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்பது. அவை கைக்கு வந்ததும் நான் பாரிமுனைக்குப் போய் ரேக்குக்கு விலை விசாரித்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், எனவே வெள்ளிக்கிழமைக்குள் அளவுகள் வந்துவிட்டால் சனிக்கிழமை போய்வர வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ராகவன்