தனாக்காவுக்குக் கீழே

ரங்கூன்

அன்புள்ள செல்விக்கு,

மூணு மாசமா ஒரு வரிகூட எழுதலேன்னு திட்டியிருப்பே. திட்டிக்கோ. மௌல்மீன்ல மழை விட்டுச்சா? கால்வலி தேவலையா? சரி, விஷயத்துக்கு வர்றேன்.

பேரன் ஆஸ்பத்திரியில கிடந்து வந்தான்டி. நாலு நாள் அனலாக் காய்ச்சல். அஞ்சாம் நாள் காலையில உடம்பு ஜில்லுன்னு ஆச்சு. விட்டுடுச்சுன்னு ரசஞ்சோறு பிசைஞ்சேன். சாயந்தரம் பார்த்தா முழங்காலுக்குக் கீழே பொடிப்பொடியாச் சிவப்புப் புள்ளி. "ஆத்தா இறங்கியிருக்கா"ன்னு வாசல்ல வேப்பிலை சொருகி, உடம்பெல்லாம் தனாக்காப் பட்டையைச் சந்தனமாட்டம் அரைச்சுப் பூசிட்டேன். பெரியக்காவை எவ்வளவு கேலி பண்ணியிருப்போம்! இப்ப நானே பெரியக்கா. சிரி.

மருமக கேக்கல, தூக்கிக்கிட்டு ஓடினா. அங்க டாக்டரம்மா, அந்தச் சயாமாவுக்கு, என் மக வயசுகூட இருக்காது. முதல்ல தனாக்காவைக் கழுவச் சொன்னா. பூசி மறைச்சா நான் எதைப் பார்க்கிறதுன்னு ஒரு அதட்டல். அப்புறம் கண்ணாடித் தம்ளரைப் புள்ளி மேல வச்சு அழுத்தினா. சாதாரணச் சிவப்புன்னா அழுத்தினா வெளுக்குமாம். இது வெளுக்கல. தோலுக்கடியில ரத்தம் கசிஞ்சிருக்கு. டெங்கு.

என்ன மாத்திரை கொடுத்தீங்கன்னு கேட்டா. நல்லவேளை, பாரசிட்டமால். ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ கொடுத்திருந்தா கசிவு கூடியிருக்கும். அதைவிட இதைக் கேளு: டெங்குல காய்ச்சல் இறங்கின அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்தான் ஆபத்தே. வயித்துவலி, ஓயாத வாந்தி, ஈறுல ரத்தம், பிள்ளை துவண்டு கிடக்கிறது, இதுல எது வந்தாலும் நிக்காம ஓடணும். நான் ரசஞ்சோறு பிசைஞ்ச நேரம் அது!

நம்ம வாய்க்கு எல்லாமே அம்மை. தட்டம்மைன்னா காதுக்குப் பின்னால, முடியோரத்துல கிளம்பிக் கீழே இறங்குமாம். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, இருமலும் கூட இருக்கும். சின்னம்மைன்னா புதுக் கொப்புளம், நீர் கோத்தது, பொருக்குத் தட்டினது எல்லாம் ஒரே உடம்புல ஒண்ணா இருக்கும். அறுபது வயசுக்கு மேல பாடம் படிக்கிறேன்.

ராத்திரி டிரிப்ஸ் சொட்டுறதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். உன் தம்பி ஞாபகம் வந்தது. அன்னிக்கும் காய்ச்சல் விட்டுச்சுன்னுதானே எல்லாரும் நிம்மதியாத் தூங்கினோம்?

வீட்டுக்கு வந்த பிறகு, கைகாலெல்லாம் செக்கச்செவேல்னு, நடுநடுவே வெள்ளைத் திட்டு, ஒரே அரிப்பு. அலறியடிச்சுக்கிட்டு நானே தூக்கிட்டு ஓடினேன். இது தேறி வர்றப்ப வர்ற தடிப்பாம். சயாமா சிரிக்கிறா.

இப்ப சொறிஞ்சுக்கிட்டே தனாக்கா கேட்டு அடம். முகத்துக்கு மட்டும் பூசினேன்.

உன்,
மீனா