ரிக்டர்ஸ்வெல்ட் மலையிலிருந்து திரும்பியதும்

அன்புள்ள சரஸ்,

உன் கடிதம் கேப்டவுனுக்கு வந்த சமயம் நான் ரிக்டர்ஸ்வெல்டில் இருந்தேன். திரும்பி வந்துதான் படித்தேன். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்து, சாட்ஸ்வொர்த்தில் கோயிலுக்கு நடந்தே போய்வருகிறார் என்பதில் ரொம்ப சந்தோஷம். சின்னவள் தாவரவியல் படிக்க ஆசைப்படுகிறாளாமே, தடுக்காதே.

அந்தக் கல்மலையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஆரஞ்சு ஆற்றுக்கு அக்கரையில் நமீபியா, இக்கரையில், நம் தென்னாப்பிரிக்கப் பக்கம், இந்த மலைகள். மழை சொற்பம். அட்லாண்டிக் கடலிலிருந்து ஏறிவரும் பனிமூட்டத்தை நம்பித்தான் பல செடிகள் பிழைக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் பொட்டல். வெள்ளைக் குவார்ட்ஸ் கற்கள் பரவிய சரிவில் மண்டியிட்டுக் குனிந்தால்தான் கோனோஃபைட்டம் என்ற குட்டிச் செடி கண்ணில் படும். பட்டாணி அளவில், இரண்டு இலைகள் ஒட்டி ஒரே உருண்டையாகி, உச்சியில் சின்னதாக ஒரு கீறல். கோடையில் பழைய இலை காய்ந்து காகிதம் போல மூடிக்கொள்ளும். புது இலை உள்ளே பத்திரமாக இருக்கும். சில இனங்கள் ஒரு குன்றில் இருக்கும், அடுத்த குன்றில் இருக்காது. அதனால் ஒரு சரிவைப் பார்த்துவிட்டு மலையையே பார்த்ததாகச் சொல்ல முடியாது. இந்த மலைகளும் சேர்ந்த, சதைப்பற்றுச் செடிகள் நிறைந்த சக்குலன்ட் கரூ என்ற வறண்ட நிலப்பகுதியில் 6000-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் உண்டு. ஏறக்குறைய 40 சதவீதம் உலகில் வேறெங்கும் கிடையாது.

நம் அரளியின் குடும்பத்தைச் சேர்ந்த ஹாஃப்மென்ஸ் மரத்தையும் பார்த்தேன். முள் நிறைந்த தண்டு, தலை மட்டும் வடக்கே சாய்ந்திருக்கும். விட்டுவந்த ஊரைத் திரும்பிப் பார்த்து நின்ற மனிதர்கள்தான் இப்படி ஆனார்கள் என்பது இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான நாமா மக்களின் கதை. ஊரை விட்டுக் கப்பலேறி வந்தவர்களின் வழியில் டர்பனில் வளர்ந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மனதை அறுப்பது திருட்டுதான். 2019-க்குப் பிறகு கோனோஃபைட்டம் போன்ற குட்டிச் செடிகளை லட்சக்கணக்கில் பிடுங்கி வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள். எந்தச் செடி எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்காவிட்டால் காப்பாற்ற வழியில்லை. எழுதியதை வெளியிட்டால் திருடனுக்கு வழி காட்டியதாகிவிடும். அதனால் அரிய இனங்களின் சரியான இடத்தைப் பொதுவில் போடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆனால் அங்கே ஆடு மேய்க்கும் நாமா குடும்பங்களிடம் மறைப்பது தப்பு. 2007-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான பகுதியே அவர்களுடைய நிலம்தான். புது ஆள் நடமாட்டம் முதலில் அவர்கள் கண்ணில்தான் படும்.

சரி, ஆகஸ்டில் அங்கே பூக்கும் காலம். சின்னவளை அனுப்பி வை. தடித்த அடியுள்ள ஷூ வேண்டும். அப்புறம், போட்டோவோடு இடமும் பதிவாகாதபடி போனில் இப்போதே மாற்றிவிடச் சொல்.

அன்புடன்,
லோகா